மாஸ்டர் விட்டுப்போன வாட்ச்

மாலை ஆறு மணி. அதற்குமேல் அந்தச் சாலையில் ஒரு ஈ காக்கை இருக்காது. இரண்டு பக்கமும் கிடங்குகள். ஆறடித்ததும் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஆட்கள் போய்விடுவார்கள். சாலை முடிகிற இடத்தில் தனியாக ஒரு ஸ்கேன் சென்டர். அதன் பெயர்ப்பலகை விளக்கு ஒன்றுதான் அங்கே வெளிச்சம்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிறவனின் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. அக்கா அந்த சென்டரில் எம்ஆர்ஐ டெக்னீஷியன். எட்டு வருஷ அனுபவம். வருகிறவர்கள் எல்லோரும் அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதல் இரண்டு வருஷம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் வாய் வலித்து விட்டுவிட்டாள்.

அன்றைக்குக் கடைசியாக வந்தவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஐம்பது வயது இருக்கும். இரண்டு வாரமாகத் தலைவலி.

"இருபது வருஷமா அடுத்தவங்க ஓட்டுற வண்டியில உயிரைக் கையில புடிச்சிட்டு உக்காந்திருக்கேன் சிஸ்டர். தலை வலிக்காம வேற என்ன செய்யும்? வீட்டுல விட மாட்டேங்கிறா. அதான் வந்தேன்."

அந்த அறைக்குள் இரும்பு, போன், வாட்ச் எதுவும் போகக்கூடாது. உள்ளே இருப்பது பெரிய காந்தம். அவர் போனை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கையில் இருந்த ஸ்மார்ட்வாட்சைக் கழற்றி அக்கா நீட்டிய பிளாஸ்டிக் தட்டில் வைத்தார்.

"போன் எப்பவும் சைலன்ட்லதான் இருக்கும். ஒரு தடவை என் போன் அடிச்ச சத்தத்துல ஒரு அம்மா வண்டியை நேரா மருந்துக்கடைக்குள்ள விட்டுட்டாங்க. அதுக்கப்புறம்தான் வீட்டுல இதை வாங்கிக் கொடுத்தா. கால் வந்தா கையில புர்ருன்னு அடிக்கும்."

சிரித்துக்கொண்டேதான் போய்ப் படுத்தார். இயந்திரம் டம் டம் என்று அடிக்க ஆரம்பித்ததும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிரேக். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே திரையில் படம் வந்தது.

மூளைக்கு அடியில் ஓடுகிற ஒரு ரத்தக்குழாய்... ஓரத்தில் திராட்சை மாதிரி வீங்கியிருந்தது. சுற்றிலும் லேசான கசிவு. எட்டு வருஷத்தில் அப்படி ஒன்றை அவள் மூன்று முறை பார்த்திருக்கிறாள். மூன்று பேரையும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஆனால் டெக்னீஷியன் படம்தான் எடுக்கலாம். அதில் என்ன இருக்கிறது என்று வாய் திறக்கக்கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்டர் இருப்பதோ வேறு ஊரில். அக்கா படத்தை அனுப்பினாள். மேலே 'அவசரம்' என்று சிவப்பில் போட்டாள்.

மாஸ்டர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். "ஒண்ணும் இல்லைதானே சிஸ்டர்?"

"டாக்டர்தான் சார் சொல்லணும். ஒரு அஞ்சு நிமிஷம் அந்தச் சேர்ல உக்காருங்க. பேசிட்டு வந்துடறேன்."

உள்ளே போய் டாக்டருக்கு போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் முயன்று பார்த்துவிட்டு வெளியே வந்தால்... நாற்காலி காலி. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்தாள்.

"அவர் போயிட்டார்மா. யாரோ ஒரு பொண்ணுக்கு நாளைக்கு டெஸ்ட்டாம், கிளாஸ் எடுக்கணுமாம். காலையில வர்றேன்னு சொல்லச் சொன்னார்."

வேலை போனால் போகட்டும் என்று அக்கா முடிவு செய்த நேரம் அது. ரிஜிஸ்டரைப் பார்த்து, மேஜை மேல் இருந்த சென்டர் போனை எடுத்து, அவர் நம்பரை அழுத்தினாள். சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஐம்பத்தெட்டு. என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது...

புர்ர்ர்... புர்ர்ர்...

பக்கத்தில். பிளாஸ்டிக் தட்டில். அவர் மறந்துவிட்டுப் போன வாட்ச் அதிர்ந்து அதிர்ந்து தட்டின் ஓரத்துக்கு நகர்ந்தது. சின்னத் திரையில் 'ஸ்கேன்' என்று எழுத்து. சென்டர் நம்பரை அவர் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார்.

போன் பக்கத்தில் இருந்தால்தான் வாட்ச் அடிக்கும், அது அக்காவுக்குத் தெரியும். அப்படியென்றால் மனிதர் இன்னும் போகவில்லை! வாசலில்தான் இருக்கிறார்! ரிசீவரை வைத்துவிட்டு, வாட்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

சாலை வெறிச்சென்று கிடந்தது. வண்டி இல்லை. வண்டி போன தூசிகூட அடங்கியிருந்தது.

கையில் வாட்ச் மட்டும் புர்ர்ர்... புர்ர்ர்...

ரிசீவரை வைத்துவிட்டுத்தானே வந்தோம்? பிறகு யார் கூப்பிடுவது?

சட்டென்று அதிர்வு நின்றது. அடித்து ஓய்ந்தது போல இல்லை. யாரோ எடுத்துவிட்டது போல.

உள்ளே வந்து மறுபடி அவருக்கு அடித்தாள். பிஸி. ஐந்து நிமிடம் கழித்து அடித்தாள். பிஸி. அரை மணி நேரமும் பிஸி. அக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பேசுகிறார் என்றால் நன்றாகத்தான் இருக்கிறார், பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

எட்டு மணிக்கு டாக்டரே பதறிக்கொண்டு கூப்பிட்டார். "அந்த பேஷண்டை உடனே அட்மிட் பண்ணச் சொல்லும்மா!" அக்கா மாஸ்டரின் நம்பருக்கு அடித்தாள். இந்த முறை எடுத்தார்கள். வேறு குரல்.

"நீங்க யாருங்க? இந்த போன்காரர்... இறந்துட்டாருங்க. ரோட்டோரமா வண்டிக்குள்ள இருந்தார்."

அன்று இரவு அக்கா வீட்டுக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

வாட்சை மேஜை டிராயரில் வைத்திருந்தாள். அவர் வீட்டிலிருந்து யாராவது ரிப்போர்ட் வாங்க வரும்போது கொடுத்துவிடலாம் என்று.

மறுநாள் மாலை. ஆறு ஐம்பத்தெட்டு. டிராயருக்குள் புர்ர்ர்... மரத்தோடு சேர்ந்து அதிர்ந்ததில் மேஜை மேல் இருந்த பேனா உருண்டது. திறந்து பார்த்தாள். 'ஸ்கேன்'.

ஸ்கேன் என்றால் இந்த மேஜைதான். இந்த போன்தான். அது அவள் கண் எதிரே ஊமையாக உட்கார்ந்திருந்தது.

அதற்கடுத்த நாளும் அதே நேரம். அதற்கடுத்த நாளும். கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வந்தவரிடம் காட்டினாள். "இதோட போன் முப்பது அடிக்குள்ள இருந்தாத்தான் மேடம் இதுல கால் வரும்" என்றார். மாஸ்டர் வீட்டுக்குப் பேசியபோது அவர் மச்சினன் எடுத்தார். மாமாவின் போனை அணைத்து பீரோவில் வைத்திருக்கிறோம் என்றார். வீடு அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர்.

வாட்சுக்கு யாரும் சார்ஜ் போடவே இல்லை. இதையும் கவனியுங்கள்.

ஆயாம்மாதான் ஒரு நாள், "சனியன், என்னதான் பண்ணுதுன்னு பாக்கறேன்" என்று எடுத்துக் கையில் கட்டினாள். உடனே நின்றுவிட்டது. கழற்றினாள். அடித்தது. கட்டினாள். நின்றது. துண்டைச் சுருட்டி அதில் கட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் பாட்டிலில் கட்டிப் பார்த்தார்கள். பாட்டிலோடு சேர்ந்து அடித்தது. அதற்கு வேண்டியது நாடி ஓடுகிற ஒரு கை.

அதிலிருந்து மாலையானால் அக்கா அதைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். மருந்து சாப்பிடுவது போல. ஆறே முக்காலுக்குக் கட்டுவாள், எட்டு மணிக்குக் கழற்றுவாள். சத்தம் இல்லை. ஒரு வாரம் அப்படிப் போனது.

பன்னிரண்டாம் நாள் ஒரு முதியவர் தாமதமாக வந்தார். அவரைப் படுக்க வைக்க அக்கா அந்த அறைக்குள் போயாக வேண்டும். வாட்சோடு போக முடியாது. கழற்றித் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். முதியவரின் தலையை இரண்டு கையாலும் நேராகப் பிடித்திருந்தபோது கண்ணாடி வழியே பார்த்தாள்... தட்டில் வெளிச்சம். ஆயாம்மா அதை எடுத்தாள். விரலால் தொட்டாள். காதருகே கொண்டுபோனாள்.

அப்படியே நின்றாள்.

அக்கா வெளியே வந்ததும் ஆயாம்மா வாட்சை நீட்டினாள். "ஏம்மா... நீ உள்ளதானே இருந்தே?"

அக்கா வாட்சை வாங்கிக் காதில் வைத்தாள்.

அவள் குரல். அக்காவின் சொந்தக் குரல். நிதானமாக, நோயாளிகளிடம் பேசுகிற அந்த இதமான தொனியில்.

"பதறாதீங்க சார்... வண்டியை ஓரமா நிறுத்துங்க... நிறுத்திட்டீங்களா? ஹேண்ட் பிரேக் போடுங்க. எங்கயும் போகாதீங்க. அங்கேயே உக்காருங்க. ஆம்புலன்ஸ் அனுப்பிட்டேன்..."

அன்றைக்கு நம்பரை அழுத்தியபடி மனதுக்குள் அடுக்கி வைத்தாளே, அதே வார்த்தைகள். அதே வரிசை. வாய்விட்டு யாரிடமும் சொல்லாத வார்த்தைகள்.

குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம். கிச்... கிச்... கிச்... எம்ஆர்ஐ அறைக்குள் குளிரூட்டும் பம்ப் ராத்திரி பகல் பாராமல் சிட்டுக்குருவி மாதிரி கத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் அறையிலிருந்தும் வந்தது, வாட்சிலிருந்தும் வந்தது. கூப்பிடுவது யாராக இருந்தாலும் இங்கேதான் இருக்கவேண்டும். அக்கா மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் யாரும் இல்லை.

பதினாறாம் நாள் மாஸ்டரின் மனைவி வந்தார். ரிப்போர்ட் வாங்க. ஒல்லியான பெண்மணி. அழுது முடித்த முகம். அக்கா கவரைக் கொடுத்தாள். வாட்சையும் கழற்றி மேஜையில் வைத்தாள்.

அந்தம்மா இரண்டையும் தொடவில்லை.

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன் சிஸ்டர். அன்னிக்கு அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

"நான் கூப்பிட்டேங்க... அவர் எடுக்கவே இல்லை. ஒரு வார்த்தை பேசலைங்க."

அந்தம்மா பையிலிருந்து கணவரின் போனை எடுத்து உயிர்ப்பித்து, நீட்டினார். வந்த அழைப்புகளின் பட்டியல். ஸ்கேன். மாலை ஆறு ஐம்பத்தெட்டு. எடுத்த அழைப்பு. நாற்பத்தொரு நிமிடம்.

"வண்டி எங்கயும் மோதலை. அழகா ஓரமா நின்னுச்சு. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாரு. இண்டிகேட்டர் எரிஞ்சிட்டே இருந்துச்சாம். போனைக் காதுல வச்சபடி அப்படியே உக்காந்திருந்தாரு. போறவங்க வர்றவங்க எல்லாம், பாவம் யாரோ முக்கியமா பேசிட்டிருக்காருன்னு நினைச்சிட்டுப் போயிட்டாங்க." போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "அந்த இடத்துல இருந்து ஒரு கிலோமீட்டர்ல பெரிய ஆஸ்பத்திரி. அவரா ஓட்டிட்டுப் போயிருந்தாக்கூட... டாக்டர் சொன்னாரு. அவ்வளவு நேரம் யாருக்காக சிஸ்டர் காத்திருந்தாரு? என்ன சொல்லி உக்கார வச்சீங்க?"

அக்காவின் கண் கடிகாரத்துக்குப் போனது. ஆறு ஐம்பத்தெட்டு.

புர்ர்ர்... புர்ர்ர்...

இரண்டு பேருக்கும் நடுவே, மேஜை மேல். அக்கா கை நீட்டுவதற்குள் அந்தம்மா பச்சையைத் தொட்டுவிட்டார்.

"பதறாதீங்க சார்..."

அந்தம்மா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"அது நான் இல்லைங்க" என்று அக்கா சொன்னாள். சொன்னாள் என்று நினைத்தாள். உதடு அசைந்தது. நாக்கு புரண்டது. தொண்டையிலிருந்து வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றாள். கத்திப் பார்த்தாள். காற்று. அவள் குரல் வாட்சுக்குள் இருந்தது. அங்கே இதமாக, பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தது. "இன்னும் அஞ்சு நிமிஷம்தான் சார்... கிளம்பிட்டாங்க..."

அந்தம்மா கடைசி வரை கேட்டார். நாற்பத்தொரு நிமிடம். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள், தலையில் அடித்துக்கொண்டாள், தன் மணிக்கட்டைக் காட்டி, கட்டிக்கொள்ளுங்கள், கட்டிக்கொண்டால் அடிக்காது என்று ஜாடை காட்டினாள். அந்தம்மாவுக்கு அது புரிந்தது.

வாட்சை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"வேண்டாம் சிஸ்டர். கட்ட மாட்டேன். அடிக்கட்டும். நீங்க பேசறது மட்டும்தான் கேக்குது. அவரு என்ன பதில் சொல்றாருன்னு ஒரு நாளாவது எனக்குக் கேக்கணும்."

போய்விட்டார். அதன் பிறகு அவரை அக்கா பார்க்கவில்லை. அந்த வீட்டுக்குப் போய் வாட்சைத் திருப்பிக் கேட்டும் பார்த்தாள். வீடு பூட்டியிருந்தது. எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அக்கா அந்த வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. இப்போது தம்பி வீட்டோடு இருக்கிறாள். நான் ஒரு முறை அங்கே சாப்பிடப் போயிருந்தேன். நன்றாகப் பேசிக்கொண்டு பரிமாறியவள், பாதி வாக்கியத்தில் நின்றாள். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பழகிப்போன காரியம் போல.

தம்பிதான் அப்புறம் சொன்னான். தினமும் அந்த நேரத்துக்குக் குரல் போய்விடுமாம். நாற்பத்தொரு நிமிடம். அதற்குள் வீடே பற்றி எரிந்தாலும் அவளால் ஒரு சத்தம் போட முடியாது.

ஏழு முப்பத்தொன்பதுக்குத் திரும்பி வரும். அன்றைக்கும் வந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்து, "இன்னும் கொஞ்சம் சாப்பிடறீங்களா தம்பி?" என்று கேட்டாள்.

குரல் கம்மிப் போயிருந்தது... ரொம்ப நேரம் யாரிடமோ கெஞ்சிப் பேசிவிட்டு வந்தவளுக்குத் தொண்டை கட்டுமே, அந்த மாதிரி.