தம்பியாகப் பதிந்த வாடகைக்காரர்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவர் போனை வைத்துவிட்டுச் சொன்னார்.

“வாடகைக்கு இருக்கிற பெடியனை என்ர தம்பியெண்டு பதிஞ்சது பிழையாப் போச்சு, அக்கா.”

“ஏன் அப்பிடிப் பதிஞ்சனீ?”

“அது அக்கராயனில எனக்கு அரசாங்கம் தந்த வீட்டுத்திட்ட வீடு. வாடகைக்குக் குடுக்கக் கூடாது. ஆர் இருக்கினம் எண்டு பதிய கிராமத்து விதானையார் வந்தால் தம்பின்ர பேரைச் சொல்லச் சொன்னனான்.”

“எந்தத் தம்பி?”

“எனக்கு ஒரு தம்பிதானே.”

மற்றவர் குரலைத் தாழ்த்தினார். “காணாமல் போனவனோ?”

“ஓம்.”

“உனக்கென்ன விசரோ? ஆர் இருக்கிறது எண்டு உள்ளதை எழுது, ஏலாதெண்டால் வீட்டைப் பூட்டி வை எண்டு எத்தினை தரம் சொன்னனான்.”

மாங்குளம் தாண்டியதும் இளையவர் மிச்சத்தைச் சொன்னார்.

“தம்பியைக் காணேல்லையெண்டு ஒரு கடிதம் எடுக்க அம்மா நேற்று அரசாங்கக் கந்தோருக்குப் போனவா. ‘உங்கட மகன் அக்கராயனில பதிஞ்சிருக்கிறாரே’ எண்டு சொல்லியிருக்கினம். என்னட்ட ஒண்டும் சொல்லேல்லை. இண்டைக்கு விடிய முதல் பஸ்ஸில அந்த வீட்டுக்குப் போயிட்டா.”

“ஐயோ கடவுளே. இப்ப போன் எடுத்தது ஆர்?”

“அந்தப் பெடியன்தான். அம்மா குசினியில சமைக்கிறாவாம்.”

“அவன் உண்மையைச் சொல்லேல்லையோ?”

“சொன்னவனாம். நான் உங்கட மகன் இல்லை அம்மா எண்டு.”

“அதுக்கு?”

“‘தெரியும், இருந்து சாப்பிடு’ எண்டாவாம்.”