எல்லைக் கண்டத்து ஆள்

எல்லை ஊரான பாறசாலையில் ரயில் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள், காலேஜ் மேகசின் கதைக்காக ஒரு புதுக் கண்டத்தையே உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து சீட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டேன், காதை மூடவில்லை.

"மலையில ராட்சசன்மாரு, ஆத்தில மீன்வாலுக்காரங்க. எல்லையில ஆரு மக்கா? தனுவச்சபுரத்தில காலேஜுக்கு எறங்குகதுக்கு முன்ன சொல்லு. இன்னைக்குக் குடுக்கலேன்னா நம்ம கதை வராது."

"எல்லைக்காரங்களுக்கு ரெண்டு பாஷையும் தெரியும். ஆனா ஒண்ணும் தெரியாத்தது போல இருப்பாவ."

"காது?"

"சொளவு மாதிரி, மொறம் அகலத்துக்கு. அந்த மாமனப் பாரு. ஒறங்குகது போல நடிச்சு முழுசும் கேக்காரு ஆக்கும்."

"ஏட்டி, மெதுவா! மலையாளத்தில சொல்லு."

சொன்னாள். அதுவும் எனக்குப் புரிந்து தொலைத்தது. வேறு வழியில்லாமல் ஒரு குறட்டை விட்டேன்.

"எழுதிக்க மக்கா, குறட்டையும் விடுவாவ. கண்டம் முடிஞ்சு!"