படகுக்காரியின் மூக்கு

எவாரிஸ்த்: உங்களை யாரு எந்திரிக்கச் சொன்னது? போய் உக்காருங்க அம்மணி! இந்த வெயில் இன்னும் அரை மணி நேரம்தான்.

கிளோத்தில்ட்: ஆறு நாளா படகு மேல குடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவ, இறங்கி வந்து ஒரு தடவை நீங்க வரையற படத்தை எட்டிப் பாக்கக் கூடாதா? ...இது என்ன, இங்க இளஞ்சிவப்பா ஒரு திட்டு?

எவாரிஸ்த்: நீங்கதான்.

கிளோத்தில்ட்: நானா! மூக்கு எங்கய்யா?

எவாரிஸ்த்: போடல.

கிளோத்தில்ட்: கண்ணு? வாய்?

எவாரிஸ்த்: அதெல்லாம்... இந்தப் படத்துக்குத் தேவைப்படல.

மார்சியல்: வாயில்லாத கிளோத்தில்டா! ஐயா, அந்தப் படத்தை எனக்கே குடுத்துடுங்க!

கிளோத்தில்ட்: பெண்டாட்டிக்கு மூக்கில்லைங்கறாரு, படகுல நின்னு சிரிக்கறதப் பாரு மனுஷன்! இங்க பாருங்கய்யா, ரூவான்ல என் அக்கா தொப்பிக் கடை வெச்சிருக்கா. என்னைப் படம் போடறாங்கன்னு அவளுக்குக் கடுதாசி போட்டாச்சு. ஞாயித்துக்கிழமை ரயிலேறி பாரீசுக்கு வந்து, எதைப் பாப்பா? இந்த ஜாம் கறையையா?

எவாரிஸ்த்: ஜாம் இல்ல. காலை ஒம்பது மணி வெளிச்சம். அது உங்க மேல விழறதைத்தான் போட்டிருக்கேன்.

கிளோத்தில்ட்: வெளிச்சம் விழுந்தா மூக்கு உதிர்ந்துடுமா?

மார்சியல்: தள்ளு, நானும் பாக்கறேன்... ஐயா, நிழலை எதுக்கு ஊதாவா அடிச்சிருக்கீங்க?

எவாரிஸ்த்: நிழல் ஊதாதான்.

மார்சியல்: நாப்பது வருஷமா நிழல்ல படுத்துத் தூங்கறவன் நான். கறுப்புதான்.

எவாரிஸ்த்: தூங்கறவன் கண்ணை மூடியிருப்பான். கறுப்பாத்தான் தெரியும்.

மார்சியல்: வாய் மட்டும் குறைச்சலில்ல! வண்ணத்தைத் தகரக் குழாய்ல அடைச்சு விக்க ஆரம்பிச்சாலும் ஆரம்பிச்சாங்க... சேன் நதிக்கரை பூரா உங்க கூட்டம்தான். தூண்டில் போட இடமில்ல.

கிளோத்தில்ட்: நீங்க சும்மா இருங்க. ஐயா, இதை அரசாங்கக் கண்காட்சிக்கு அனுப்புங்க. நடுவருங்க மூக்கு வைக்கச் சொல்லுவாங்க.

எவாரிஸ்த்: போன வருஷம் அனுப்பினேன். பின்பக்கம் சிவப்பா முத்திரை குத்தித் திருப்பிட்டாங்க. தள்ளுபடின்னு அர்த்தம். அதனாலதான் நாங்க முப்பது பேர் சேந்து, பாரீசுல நாங்களே இடம் பிடிச்சு மாட்டறோம். பன்னண்டு மணி ரயில்ல இந்தப் படம் போயாகணும்.

கிளோத்தில்ட்: முப்பது பேரும் மூக்கில்லாமத்தானா?

எவாரிஸ்த்: ஒருத்தர் குதிரைக்குக் காலே போடல. வேகமா ஓடுதாம்.

மார்சியல்: கால் இல்லாமயா!

கிளோத்தில்ட்: சுண்ணாம்பு மூட்டை ஏத்தின படகை ஆறு நாளா கட்டிப் போட்டது என் முகத்துக்காகத்தான். மூக்கு இல்லைன்னா படகும் இல்ல. ஏங்க, கயித்த அவுத்து விடுங்க!

எவாரிஸ்த்: ஐயையோ அம்மணி! தண்ணியில படகோட பிம்பம் பாதிதான் முடிஞ்சிருக்கு. படகு போனா என் படமே போச்சு!

கிளோத்தில்ட்: அப்ப மூக்கு.

எவாரிஸ்த்: ஒரு... சின்னப் புள்ளி?

கிளோத்தில்ட்: ரெண்டு கண்ணும் வேணும்.

மார்சியல்: வாய் மட்டும் வேணாம்யா, புண்ணியமாப் போகும்.

எவாரிஸ்த்: அம்மணி, முகத்தை விடுங்க, தோளைப் பாருங்க! புதன்கிழமை அந்தத் தோள்ல வெளிச்சம் எப்படி வழிஞ்சுது தெரியுமா? என்ன நளினம்! என்ன பெண்மை!

கிளோத்தில்ட்: ...புதன்கிழமையா?

மார்சியல்: க்கும்.

எவாரிஸ்த்: ரெண்டு பேரும் ஏன் முழிக்கறீங்க?

கிளோத்தில்ட்: அவருக்குச் சளி...

எவாரிஸ்த்: வியாழக்கிழமையும் அதே அழகு. சிலை மாதிரி ஆடல, அசையல. திங்கக்கிழமைதான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேசிட்டே இருந்தீங்க. முகத்தை மறுநாள் பாத்துக்கலாம்னு விட்டேன்.

மார்சியல்: சொல்லிடலாம்டி கிளோத்தி.

கிளோத்தில்ட்: வாய மூடுங்க!

மார்சியல்: நளினம்ங்கறார்டி! என்னால தாங்க முடியல. ஐயா, திங்கக்கிழமையும் இன்னிக்கும்தான் இவ. செவ்வாய்லேர்ந்து நேத்து வரைக்கும் பாவாடையையும் தொப்பியையும் எனக்கு மாட்டி உக்கார வெச்சுட்டா. அந்தத் தோள் என்னுது!

கிளோத்தில்ட்: துவைக்கற துணி மலையாட்டம் குவிஞ்சு கிடந்துச்சுய்யா... கரையிலேர்ந்து பாத்தா உங்களுக்குத் தெரியாதுன்னு நெனைச்சுட்டேன்.

எவாரிஸ்த்: செவ்வாய்க்கிழமையே தாடி தெரிஞ்சுது அம்மணி! கேட்டா படகைக் கிளப்பிட்டுப் போயிடுவீங்களேன்னு பேசாம இருந்தேன். இப்ப நீங்களே கயித்த அவுக்கச் சொன்னதும்தான் அந்தத் தோள் பேச்சை எடுத்தேன். தாடியை வரையவும் முடியாது, இந்தத் தோள் மேல உங்க முகத்தைக் கொண்டு வந்து ஒட்டவும் முடியாது... அதான் முகமே வேணாம்னு முடிவு பண்ணிட்டு, உங்ககிட்ட வெளிச்சம் கிளிச்சம்னு அளந்து விட்டேன்!