அடுத்த வருஷம் வரும் மாடல்

1. லாலாகுடாவில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.
2. மூத்தவர் வீட்டில் தீசிஸ் டைப் செய்து கொடுப்பவர். மணிக்கட்டில் கட்டு.
3. இளையவள் கேட்டாள்: “லேசா தட்டினா போதுமே, எலக்ட்ரானிக் டைப்ரைட்டர் வாங்கலையாக்கா?”

“எங்க வீட்டுக்காரர் பொறுக்கச் சொல்றார். அடுத்த வருஷம் கம்ப்யூட்டரே மலிவா வருமாம்.”

“அவர் ஆபீஸ்ல வாங்கியாச்சா?”

“எங்கே? வாங்கணும்னு மேலிடத்துக்கு நோட் போட்டு அனுமதி வர்றதுக்குள்ள புது மாடல் வந்துடும். திரும்ப நோட். மூணு வருஷமா அதையும் நான்தான் டைப் அடிக்கிறேன்.”

“இந்தக் கையாலயா?”

“ஹவ், இதே கையாலதான். பழைய மெஷினை இனிமேல் தொடக்கூடாதுன்னுட்டார் டாக்டர். ரெண்டு தீசிஸைத் திருப்பி அனுப்பிட்டேன்.”

“அப்போ இந்த வருஷ நோட்?”

“அவரே கையால எழுதிக்கட்டும்.”

செகந்திராபாத்தில் இருவரும் இறங்கினார்கள். எலக்ட்ரானிக் டைப்ரைட்டர் இன்றே வாங்குவதாக இறங்கும் முன் முடிவு. வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.