ஆடிக்குப் பிரிச்ச சோடி

— கூடையை நந்திக்குப் பின்னால தள்ளி வையுங்க. வெயிலு படுது பாருங்க.

— வச்சாச்சு புள்ள. நீ மொதல்ல என்னைப் பாரு. ஆடி மொதத் தேதி வண்டியேறிப் போனவ, அய்ப்பசி பொறந்து இன்னிக்குத்தான் மூஞ்சியைக் காட்டுற.

— பாத்தா அழுவேன். பேசாம கூடையைத் தொறங்க. அம்மா கோயிலைப் பதினோரு சுத்து சுத்தறேன்னு போயிருக்கு. அது வர்றதுக்குள்ள பேசி முடிச்சாவணும்.

— பதினோரு சுத்தா? இம்மாம் பெரிய கோயிலையா? ஒங்கம்மாவுக்கு முட்டிவலி இல்ல?

— அதான் எனக்கும் புரியல. வேண்டுதலாம். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வான்னா கால் வரலைங்குற மனுசி, நேத்து அதுவாவே, 'கெளம்பு உண்ணாமல, அந்தச் சீமை எலியையும் எடுத்துக்க, காத்தாட வச்சிருந்துட்டு வரலாம்'னுச்சு. நான் ஒங்களுக்கு ஆளு சொல்லி வுட்டது அதுக்குத் தெரியாது.

— எங்கம்மாவுக்கும் தெரியாது. செயங்கொண்டம் சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். சந்தைக்குக் கூடை எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. மூடிக்கடான்னு பழைய சீலையைக் கிழிச்சுக் குடுத்துச்சு.

— யாரு, அத்தையா? வாலில்லாத எலிய வளக்குற வூட்டுல வாக்கப்பட்டுட்டியேன்னு எங்கிட்டயே சொன்னவங்களா?

— அட கேளு புள்ள, எங்கம்மா முந்தி மாதிரி இல்ல.

— அவங்களாலதானே இவ்வளவும். அரியலூர் துரைசானி செர்மன் சண்டை முடிஞ்சு சீமைக்குக் கப்பலேறுறப்ப இதுகள சோடியாத்தானே ஒங்கக்கிட்டக் குடுத்தாங்க?

— சோடியாத்தான் குடுத்தாங்க. நாலு வருசம் பங்களாவுக்குப் பால் ஊத்துனேன்ல. 'வைரக்கண்ணு, இது கினிபிக்கு, சீமைப் பெருச்சாளி. ஒண்ணை வுட்டு ஒண்ணு தின்னாது, ஒரே கூட்டுல வையி'ன்னு மூணு தரம் சொன்னாங்க.

— சொன்னாங்கல்ல? நான் ஆடிக்குத் தாய் வூட்டுக்குக் கெளம்பி நிக்கிறேன், அத்தை வந்து கூண்டைத் தொறந்தாங்க. 'புதுசாக் கட்டிக்கிட்ட மனுசரையே பிரிச்சு வைக்கிற மாசம். இதுக ரெண்டும் மட்டும் கூடிக் கெடந்தா வூட்டுக்கு ஆவுமா'ன்னாங்க. பொண்ணு பொண்ணோட போவட்டும்னு சீமாட்டியைத் தூக்கி என் மடியில வச்சாங்க.

— சீமான் எங்கிட்ட இருந்துச்சு. ஒரு மாசந்தானேன்னு நானும் வாயத் தொறக்கல. ஆவணி பொறந்ததும் ஒங்கப்பாரு கொண்டாந்து வுடுவாருன்னு இருந்தேன்.

— ஒங்கப்பாரு வந்து அழைப்பாருன்னு நாங்க இருந்தோம்.

— எப்படி வருவாரு? ஆடி அழைப்புக்குச் சம்பந்தி தானே வரணும்? ஒங்கப்பாரு தம்பிய அனுப்பி வச்சாரு. 'எங்க வாசப்படி அவருக்குத் தாழ்வாப் போச்சா'ன்னு எங்கப்பாரு அன்னிக்குச் சோத்துல கை வைக்கல.

— எங்கப்பாவுக்கு மொறக்காய்ச்சல். ரெண்டு கம்பளியப் போத்திக்கிட்டு நடுங்கிக் கெடந்தாரு. பொண்ண அழைக்கப் போற எடத்துல சீக்குன்னு சொன்னா சகுனம் ஆவாதுன்னு பழனிவேலு சித்தப்பா அதச் சொல்லாமலே வந்துட்டாரு.

— காய்ச்சலா? யாரும் சொல்லலையே.

— யாரு கேட்டீங்க? 'கேக்காதவங்கக்கிட்ட நான் போயி என்ன சமாதானம் சொல்றது'ங்குறாரு அப்பா. தீபாவளிக்கு ஆறு நாளு இருக்கு. தலைதீபாவளி. கண்ட்ரோல் துணிக்கடையில அரை நாளு வரிசையில நின்னு ஒங்களுக்கு ஒரு வேட்டி வாங்கி வச்சிருக்காரு. ஒங்கள அழைக்கவும் மாட்டேங்குறாரு, அந்த வேட்டிய யாரையும் தொட வுடவும் மாட்டேங்குறாரு.

— எனக்கா?

— வேற யாருக்கு. நீங்க பொதங்கெழமை பூலாம்பாடிக்கு ரெண்டாந்தாரத்துக்குப் பொண்ணு பாக்கப் போறது அவருக்குத் தெரியாது.

— ஒனக்கு யாரு சொன்னா?

— யாரோ சொன்னாங்க. பொய்யா?

— அப்பாரு போறாரு. நான் வரேன்னு சொல்லல.

— வரலைன்னும் சொல்லல.

— அவரு எதிர்ல நின்னு பேசிப் பழக்கமில்ல புள்ள. அத வுடு. இன்னொண்ணு சொல்லணும், திட்டக்கூடாது. சீமானைப் பத்தி.

— செத்துப்போச்சா?

— குட்டி போட்டிருச்சு.

— எது?

— சீமான்தான். ஆவணிக் கடைசியில. மூணு. காலையில பாக்குறேன், மேலெல்லாம் மசுரோட, கண்ண முழிச்சுக்கிட்டு, மறுநாளே புல்லக் கடிக்குதுங்க. நாமதானே பேரு வச்சோம். பெருத்து இருக்குறது ஆம்பளைன்னு நெனச்சோம். அது வயிறு.

— அப்ப எங்கிட்ட இருக்குறது?

— அதுதான் ஆம்பள.

— அத்தை என்ன சொன்னாங்க?

— கன்னத்துல கை வச்சு ஒக்காந்துட்டுது. மூணாம் நாளு கீரையக் கிள்ளிப் போட்டுக்கிட்டே, 'தகப்பன் ஒரு ஊருல கெடக்க, இது தனியாப் பெத்துக் கெடக்குதே, நாமதானே பிரிச்சோம்'னு முந்தானையால மூக்கைத் துடைச்சுச்சு.

— நான் இதுகிட்ட என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா? நீயும் நானும் ஒரே கதைதாண்டின்னு எல்லாத்தையும் சொன்னேன். பொழுது சாயற நேரம் வீக்கு வீக்குன்னு கத்தும். நானும் கூட ஒக்காந்து அழுவேன். மூணு மாசமா எங்கூட அழுதது ஒரு ஆம்பளையா?

— அதுக்கென்ன இப்ப?

— ஒண்ணுமில்ல. அங்க இருந்த ஆம்பள ஒரு கடுதாசி போடலையேன்னு நெனச்சேன்.

— எழுதினேன் புள்ள. நாலு கார்டு. ஒனக்குப் படிக்க வராது, ஒங்கப்பாருதான் படிச்சுக் காட்டணும். அவரு வாயால படிக்கிற மாதிரி நான் என்னத்த எழுதறது? 'இங்கு மழை உண்டு, கடலை பறிச்சாச்சு'ன்னு எழுதுவேன். தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போவேன். இதையா சொல்லணும்னு கிழிச்சுப் போட்டுட்டு வந்துடுவேன்.

— கடலை பறிச்சதையாவது போட்டிருக்கலாம். அதையே நாலு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன்.

— அழுவாத.

— அழுவல. ரெண்டையும் ஒண்ணா வுடுங்க.

— கடிச்சுக்கப் போவுது. இத்தன நாளாச்சு.

— கடிச்சா கடிக்கட்டும். வுடுங்க.

— பாரு, உறுமுது. இடுப்ப ஆட்டிக்கிட்டுச் சுத்திச் சுத்தி வருது. மறக்கல அது.

— அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா பாருங்க. மூணு குட்டியத் தனியா வளத்தவ, சும்மா வருவாளா?

— வந்துட்டா. மூக்கால மோந்து பாக்குறா.

— மோந்து பாக்கட்டும். கைய எடுத்துக்கங்க.

— இனிமே எப்படிப் புள்ள பிரிக்கிறது?

— பிரிக்கக் கூடாது.

— அப்ப நீ எடுத்துட்டுப் போ. குட்டிங்களும் இந்தா, துணிக்கு அடியில கெடக்குது. எல்லாத்தையும் கொண்டு போ.

— கொண்டு போனா, அங்கயே இருந்துக்கறேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. நீங்க கொண்டு போங்க.

— ஒனக்கு?

— எனக்கு வெறுங்கூடை இருக்குல்ல. பூலாம்பாடியிலேருந்து வர்றவக்கிட்டச் சொல்லி வையுங்க. கடலைக்கொடிய ஈரத்தோட போட்டா வயிறு உப்பிக்கும். காய வச்சுப் போடணும்.

— போவ மாட்டேன். பூலாம்பாடிக்குப் போவ மாட்டேன். ஒங்கப்பாரு காய்ச்சலா கெடந்தாருன்னும் எங்கப்பாருக்கிட்டச் சொல்லிடறேன்.

— இங்க சொல்லிட்டீங்க. வூட்டுல சொல்லணும்.

— இன்னிக்கே, அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்றேன்.

— தள்ளி ஒக்காருங்க. அம்மா வருது.

— இருக்கட்டும் மாப்ள, எந்திரிக்காதீங்க. அடி ஆத்தாடி, முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. பதினோரு சுத்துன்னு போனது பதினஞ்சாயிப் போச்சு.

— அம்மா, இவரு சந்தைக்குப் போற வழியில, சும்மா...

— ஆமாமா. சந்தைக்குப் போறவரு நந்திக்குப் பின்னால எலி விக்கிறாரு. போவட்டும். ஏண்டி, எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டாச்சா?

— போட்டாச்சும்மா. எந்த வூட்டுக்குக் கொண்டு போறதுன்னுதான் தெரியல.

— இதென்ன கேள்வி. மாப்பிள்ள வூட்டுக்குத்தான். நீயும் கூடப் போ.

— அப்பா?

— தீபாவளிக்கு ரெண்டு பேருமா வந்து வாசல்ல நில்லுங்க. அந்த வேட்டிய எடுத்து நீட்டுவாரு. அதுக்கு மேல ஒரு பேச்சும் பேச மாட்டாரு, எனக்குத் தெரியாதா அவர?

— அது சரிங்கத்தை. எங்க வூட்டுல வாசப்படி தாண்ட வுடணுமே. எங்கம்மாவுக்கு நான் இங்க வந்ததே தெரியாது.

— பதினஞ்சு சுத்தும் நான் யாரு கையப் புடிச்சுக்கிட்டுச் சுத்துனேன்னு நெனக்கிறீங்க மாப்ள? கோபுர வாசல்ல ஒங்கம்மா கூண்டு வண்டிக்குள்ள ஓரமா ஒடுங்கி ஒக்காந்து, மருமவளுக்கும் அந்தக் கூடைக்கும் எடம் வுட்டு வச்சிருக்காங்க, போங்க.