பிஷப் வளைவின் சிவப்புப் புள்ளிகள்

அப்பத்தைச் சூடாகத் தின்ன வேண்டும். ஆறிய அப்பத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. நான் சொல்வது எங்கள் படகில் கிடைக்கும் ஸ்வேலே. விரல் தடிமன், உள்ளங்கை அகலம். கல்லிலிருந்து எடுத்த கையோடு வெண்ணெயும் சர்க்கரையும் தடவி, பாதியாக மடித்து, காகிதத்தில் வைத்து நீட்டுவார்கள். இதற்கும் இந்த வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், இன்ஸ்பெக்டர். ஆரம்பம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

பெயர் ஆஸ்முண்ட். வயது எண்பத்தொன்று. சாலை மேஸ்திரியாக முப்பத்தெட்டு வருஷம். எங்கள் ஊர் ஹெஸ்ட்விக்கிலிருந்து, மலைகளுக்கு நடுவே நுழைந்த கடலான ஃபியோர்டைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரை நோர்நெஸுக்குப் போகும் நாற்பத்தோரு கிலோமீட்டர் சாலையைப் போட்டதில் எனக்கும் பங்கு உண்டு. அதில் பிஷப் வளைவு முழுக்க என்னுடையது. அந்தக் காலத்தில் ஒரு பிஷப் அங்கே வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தார். அதனால் அந்தப் பெயர். நான் அதை அகலப்படுத்தி, சரிவைத் திருத்தி, தடுப்பு வைத்த பிறகு ஐம்பது வருஷத்தில் அங்கே ஒரு விபத்துகூட நடந்ததில்லை. பிஷப்புகளும் வாந்தி எடுத்ததில்லை.

ஆனாலும் யாரும் அந்த வழியாகப் போவதில்லை. படகு இருக்கிறதே. காரோடு ஏறினால் இருபத்திரண்டு நிமிஷத்தில் அக்கரை. நானும் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் போவேன். அக்கரையில் எனக்கு வேலை ஒன்றும் கிடையாது. இறங்காமல் அதே படகில் திரும்பிவிடுவேன். கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அல்லது சொல்லியிருப்பார்.

படகின் சிற்றுண்டிக் கடையில் யோருன் இருக்கிறார். முப்பத்தோரு வருஷமாக அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கிறார். விதவை, அறுபத்தாறு வயது, நோர்நெஸ்காரர். நான் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் மாவை ஊற்றுவார். நான் மாடிப்படி ஏறி வரும் நேரத்துக்கு அப்பம் தயார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட ஆறின அப்பத்தை எனக்குக் கொடுத்ததில்லை. எங்களுக்குள் பேச்சு குறைவு. "காத்து இன்னைக்கு வடக்கால இருந்து" என்பார். "ஆமா, வடக்குதான்" என்பேன். வாரத்துக்கு மூன்று முறை இப்படிப் பேசினால் முப்பத்தோரு வருஷத்தில் அது ஒரு பெரிய உரையாடல்தான்.

போன செப்டம்பரில் சாலை அலுவலகத்திலிருந்து வில்டே என்கிற இளம் பொறியாளர் எங்கள் ஊர்க் கூடத்துக்கு வந்தார். நல்ல பெண். திரையில் ஒரு வரைபடம் காட்டினார். இப்போது வரும் கார்கள் எல்லாம் தாமாகவே தகவல் அனுப்புகின்றனவாம். எங்கே சக்கரம் வழுக்கியது, எங்கே பிரேக்கைத் திடீரென்று அழுத்தினார்கள் என்று, ஓட்டுபவர் பெயர் இல்லாமல். வழுக்கலோ திடீர் பிரேக்கோ நடந்த இடமெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி ஆகிவிடும். பின்னால் வரும் கார்களுக்கு உடனே எச்சரிக்கை போகும். உப்பு எங்கே தூவுவது, தடுப்பு எங்கே வைப்பது என்பதையெல்லாம் இனிமேல் புள்ளிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். நல்ல திட்டம். இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல திட்டம்.

எங்கள் சாலையில் இரண்டு குளிர்காலமாக ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. மாகாணத்திலேயே மிகப் பாதுகாப்பான சாலை இதுதான் என்று வில்டே வாழ்த்தினார். எல்லோரும் கை தட்டினோம். பிறகு, இவ்வளவு நல்ல சாலை இருக்கும்போது படகு எதற்கு, புத்தாண்டோடு நிறுத்திவிடலாம் என்று அலுவலகம் நினைக்கிறது என்றார். கை தட்டியது தட்டியதுதான், திரும்ப வாங்க முடியவில்லை.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அந்தச் சாலையில் புள்ளி இல்லாததற்குக் காரணம், அந்தச் சாலையில் கார் இல்லை. எல்லாக் காரும் படகில் இருந்தது. அதை எழுந்து நின்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லத்தான் கை தூக்கினேன். ஆனால் அதற்குள் ஒரு தடவை ஜன்னலைச் சாத்தச் சொல்லிப் பேசியிருந்தேன். எங்கள் ஊரில் ஒரே கூட்டத்தில் இரண்டு தடவை பேசியவரைக் குழுவில் போட்டுவிடுவார்கள். 1987இல் அப்படித்தான் தண்ணீர்க் குழுவில் மாட்டி பதினாறு வருஷம் கழித்து வெளியே வந்தேன். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

அன்று வீட்டுக்குப் போய் யோசித்தேன். புள்ளி இல்லாததுதான் குறை என்றால் புள்ளி வைத்துவிடலாம்.

என் மகள் வாங்கிக் கொடுத்த புதுக் காருக்கு எல்லாம் தெரியும். நான் பெல்ட் போடாவிட்டால் மகளைவிட அதிகமாகத் திட்டும். மறுநாள் காலை பத்து மணிக்குப் பிஷப் வளைவுக்குப் போனேன். முன்னும் பின்னும் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினேன். திரும்பி வந்து மறுபடி அழுத்தினேன். மதியத்துக்குள் பதினான்கு முறை. இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். நான் அழுத்தினேன், அழுத்தினான் என்று கார் சொன்னது. எண்பத்தொரு வருஷத்தில் நான் இவ்வளவு நேர்மையாக எதையும் செய்ததில்லை.

ஒரு வாரம் ஆகியும் வரைபடம் வெள்ளையாகவே இருந்தது. அக்கறையுள்ள குடிமகனாக வில்டேக்குப் போன் செய்து, இந்தப் புள்ளிகள் எப்படி உண்டாகின்றன என்று கேட்டேன். ஒரே கார் திரும்பத் திரும்ப பிரேக் பிடித்தால் அது அந்த ஓட்டுநரின் கோளாறு என்று கணக்கு தள்ளிவிடுமாம். பல கார்கள் பிடித்தால்தான் சாலையின் கோளாறு. ரொம்பப் பொறுமையாக விளக்கினார். இப்படி ஆர்வமாகக் கேட்கிறவர்கள் குறைவு என்றும் சொன்னார்.

எங்கள் ஊரில் டுக்னாட் என்று ஒரு வழக்கம் உண்டு. ஊர் வேலைக்கு எல்லோரும் வந்து சும்மா செய்துகொடுத்துவிட்டுப் போவது. டுக்னாட் என்று எழுதி ஒட்டினால் வராமல் இருக்க முடியாது. வராதவர் வீட்டுக் கூரையைப் பற்றிப் பத்து வருஷம் பேசுவார்கள். கடை வாசலில் சீட்டு ஒட்டினேன்: "சாலைப் பாதுகாப்பு டுக்னாட். சனி பதினோரு மணி, பிஷப் வளைவு. பனி விழும் முன் அவரவர் பிரேக்கைச் சோதிப்போம். சொந்தக் காரில் வரவும். கேக் உண்டு."

இருபத்துமூன்று கார்கள் வந்தன. டுக்னாடில் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. கேக் யார் கொண்டுவருகிறார்கள் என்றுதான் கேட்பார்கள். பக்கத்து வீட்டு சிக்வால்ட் மட்டும் கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்ப்பா ஆஸ்முண்ட், இதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? வீட்டு வாசல்ல அழுத்துனா பிரேக் பிடிக்காதா?"

"வீட்டு வாசல்ல கேக் கிடையாதுப்பா."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. ஆளுக்கு மூன்று சுற்று. சனிதோறும் நடத்தினோம். மூன்றாவது சனி வரைபடத்தைத் திறந்தால், என் வளைவுக்கு அம்மை போட்டிருந்தது.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. அது திட்டத்தின் திறமை. புள்ளி வந்ததும், எப்போதாவது அந்த வழியாகப் போகும் ஒன்றிரண்டு கார்களுக்கு எச்சரிக்கை போக ஆரம்பித்தது. தபால்காரர் நிம்மதியாக வளைவை நெருங்குவார்; கார் திடீரென்று "கவனம், ஆபத்து" என்று கத்தும்; அவர் பயந்துபோய் பிரேக்கை அழுத்துவார்; அது இன்னொரு புள்ளி ஆகும்; அடுத்த காருக்கு இன்னும் பெரிதாகக் கத்தும். நவம்பரில் நான் டுக்னாடையே நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை. சாலை தன்னைத் தானே ஆபத்தாக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டது. முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் இவ்வளவு சுறுசுறுப்பான சாலையை நான் பார்த்ததில்லை.

வில்டே இரண்டு நிபுணர்களோடு வளைவை அளக்க வந்தார். அளக்கிற காரும் கத்தியது, ஓட்டியவரும் அழுத்தினார், அவர்களே ஒரு புள்ளி ஆனார்கள். வில்டே வெளுத்துப்போய் இறங்கினார்.

"பெரியவரே, இது நீங்க போட்ட வளைவுதானே? என்ன இருக்கு இதுல?"

"தெரியலம்மா. ஜனங்க பயப்படுறாங்க."

இதிலும் பொய் இல்லை.

அடுத்த வாரம் ரொட்டிக் கடை ஒட்கெய்ரின் வேன் ஃபியோர்டில் இறங்கியது. அவருக்கு முன்னால் போன கார் எச்சரிக்கையைக் கேட்டு நின்றது. ஒட்கெய்ர் அதைத் தவிர்க்கத் திரும்பினார். நான் வைத்த தடுப்பு ஐம்பது வருஷத்தில் முதல் முறையாக வேலைக்கு அழைக்கப்பட்டு, வேலை மறந்திருந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். அவர் நடந்தே கரையேறினார். இருநூற்று நாற்பது இலவங்கப்பட்டை ரொட்டிகள் மிதந்தன. வியாழக்கிழமை வரை ஊர்க் கடற்புறாக்கள் பறக்க முடியாமல் நடந்தே போய்வந்தன. ஒட்கெய்ருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. இடது பக்கம். அவர் வலது கைக்காரர்.

ஆஸ்பத்திரிக்குப் பூ எடுத்துக்கொண்டு போனேன். அவர் காரைக் குறை சொல்லவில்லை. "அது முன்னாடியே சொல்லுச்சு ஆஸ்முண்ட். ஆபத்து, ஆபத்துன்னு கத்துச்சு. அதுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ" என்றார். நான் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

டிசம்பரில் சாலை அலுவலகத்தின் தீர்ப்பு வந்தது. மாகாணத்திலேயே மிக ஆபத்தான சாலை. படகு இன்னும் பத்து வருஷம் கட்டாயம் ஓட வேண்டும். ஊரில் எல்லா வீட்டிலும் கொடி ஏற்றினார்கள். அன்று செவ்வாய். நல்ல சட்டை போட்டுக்கொண்டு காரோடு படகில் ஏறினேன்.

யோருன் அப்பம் கொடுத்தார். சூடாக இருந்தது. நான் காற்றைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"நவம்பர் வரைக்கும் சனிக்கிழமைன்னா ஒரு கருகல் வாசனை வந்துச்சு ஆஸ்முண்ட். என் கல்லுல எதுவும் கருகுனது இல்ல. நீ ஏறுனாத்தான் வந்துச்சு. அது பிரேக் வாசனைன்னு இன்ஜின் ரூம்காரர் சொல்றாரு."

காற்று வடக்கிலிருந்து என்றேன்.

"கேளு. எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சு. படகு ஓடுற வரைக்கும் நிக்கிறேன்னு படகுக் கம்பெனிக்காரங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். புத்தாண்டோட நிக்குதுன்னதும் ஒரு நாற்காலி வாங்குனேன். முப்பத்தோரு வருஷத்துல நான் உக்காந்து ஒரு அப்பம் தின்னதில்ல." கல்லைத் துடைத்தார். "ரெண்டு நாற்காலி வாங்குனேன். படகு இல்லன்னா அந்த ரோட்டு வழியா காரை எடுத்துட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன். நீயா வர மாட்ட, உனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. இப்போ அந்த வளைவுகிட்ட போனாலே என் கார் அலறுது."

பிறகு அடுத்தவருக்கு மாவு ஊற்றினார்.

ஆகவே ஆமாம், எல்லாம் நான்தான். பதினான்கு பிரேக்கும், சீட்டும், இருபத்துமூன்று கார்களும், ஒட்கெய்ரின் தோள்பட்டையும். யோருனின் பத்து வருஷத்தையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள் போலிருக்கிறது. அதை நான் அப்படிப் பார்க்கவில்லை. எழுபத்தாறு வயது வரை ஒருவருக்கு நிலையான வேலை அமைவது சின்ன விஷயமில்லை. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: இதையெல்லாம் நான் செய்தது சாலைப் பாதுகாப்புக்காக. அந்தச் சாலையில் இப்போது யாரும் வேகமாகப் போவதில்லை. யாருமே போவதில்லை.

என்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று நான் கேட்க மாட்டேன், நீங்களும் சொல்ல மாட்டீர்கள். மேஜையில் இருக்கும் கடிதம் கண்ணில் படத்தான் செய்கிறது. அழகான கையெழுத்து. மூலையில் ஒரு வெண்ணெய்க் கறை. மத்தியானச் சாப்பாட்டின்போது உங்கள் கை பட்டிருக்கும்.

ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. படகில் நடந்தும் ஏறலாம். நேற்று வியாழக்கிழமை அப்படித்தான் ஏறினேன். யோருன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் அதிகம், எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து மூன்று பேர் இருந்தோம். அப்பத்தை மட்டும் காகிதத்தில் வைத்து நீட்டினார்.

ஆறியிருந்தது. கல்லில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். சனிக்கிழமை போனதும் பார்த்துச் சரிசெய்து கொடுக்க வேண்டும்.