கோடு வளையற இடம்

அதுக்கு நான் என்னடி பண்ண முடியும்? சாப்பிடாம செவுத்தப் பாத்துப் படுத்திருந்தா, பசிச்சா தானா எந்திரிக்கப் போறாரு. உன் புருஷன் என்ன கைக்குழந்தையா? நீ முதல்ல உக்காரு. அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் வா. லேப்ல எதையும் தொடாத, அவ்வளவுதான்.

அப்பா எங்கடி திட்டினாரு? நான் பக்கத்துலதான நின்னேன். ஃபேக்டரி சாவியைக் குடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளைன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. லோடு ஏத்தறவங்க அத்தனை பேரும் அங்க நின்னதுக்கு அவரா பொறுப்பு? ஜூஸ் வாங்க வந்த பெரிய பார்ட்டி ஷூ மேல, வடிகட்டற துணி கிழிஞ்சு ஆப்பிள் கூழு கொட்டினா யாருதான் வேடிக்கை பாக்க மாட்டாங்க. உன் வீட்டுக்காரரு கர்ச்சீப்ப எடுத்துட்டு, குனிஞ்சு அந்த ஷூவைத் தொடைக்கப் போனாரு பாரு, அங்கதான் சிரிச்சுட்டாங்க. நான் சிரிக்கல. நல்லாப் பாத்துக்கிட்டேன்.

சாவியா? என்கிட்டதான் இருக்கு. வேற யாரு இருக்கா இந்த வீட்ல.

என்ன தப்பு நடந்துச்சுன்னா கேக்கற? உனக்குப் புரியற மாதிரியே சொல்றேன். ஆப்பிளை அரைச்சா கலங்கலாத்தான இருக்கும். அதுல என்சைம் போட்டாத்தான் கலங்கல் உடைஞ்சு சாறு தெளியும். அந்த என்சைமை, மேசையச் சுத்தி உக்காந்து பழம் நறுக்கற ஆளுங்கன்னு வச்சுக்கயேன். பழம் கம்மியா வந்தா பாதிப் பேரு கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருப்பான். நீ ரெண்டு மடங்கு கொட்டு, வேலையும் ரெண்டு மடங்கு நடக்கும். ஆனா எல்லார் கையிலயும் பழம் வந்தாச்சுன்னு வை, அதுக்கப்புறம் மலையாக் கொட்டினாலும் அவன் வேகம் அதேதான். ஏறாது. மிச்சம் அப்படியே குவிஞ்சு கெடக்கும். மாப்பிள்ளை என்ன பண்ணாரு, என்சைமை அதே அளவுல வச்சுக்கிட்டு, தண்ணியக் குறைச்சு கூழைக் கெட்டியா விட்டாரு. முதல்ல ரெண்டு மூணு தடவை சாறு கடகடன்னு வந்துச்சு. அப்பாவும் தோள்ல தட்டிக் குடுத்தாரு. அந்தத் தட்டுதான் கெடுத்துச்சு. பார்ட்டி வந்தன்னைக்கு இன்னும் விடு, இன்னும் விடுன்னு நின்னாரு. உடையாத கூழெல்லாம் போய் வடிகட்டில அடைச்சு, துணியக் கிழிச்சுடுச்சு.

சே, முட்டாள்னு நான் எங்க சொன்னேன்? நல்ல மனுஷன்டி. இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து வாய் நிறைய அக்கான்னுதான் கூப்பிடறாரு. அப்பா அவரை ஃபேக்டரிப் பொறுப்புல உக்கார வச்சாரே, அன்னைக்கு நேரா இங்கதான் வந்தாரு. அக்கா, இது உங்களுக்கு வரவேண்டிய இடம், எனக்கே கஷ்டமா இருக்குன்னாரு. கண்ணு வேற கலங்கிடுச்சு. நான் படிச்ச படிப்பு, இந்த ரூம்ல நான் கெடந்த வருஷம் எல்லாம் அவருக்குத் தெரியுது. பொம்பளைப் புள்ளைக்கு லேப் போதும்னு சொன்ன நம்ம அப்பாவுக்குத் தெரியல. பக்கத்துல நின்னு தலையாட்டின உனக்கும் தெரியல. அப்பா சொன்னதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். இந்த மனுஷன் என்னைப் பாத்துப் பாவப்பட்டாரு பாரு, அதை எங்க கொண்டுபோய் வைக்கறது.

என்னது? அக்காகிட்டயே கேளுன்னாரா? வேற ஒண்ணும் சொல்லலையா? பாரேன், இப்பக்கூட என்னைக் காட்டிக் குடுக்கல.

வந்தாரு. ஆமா, கேக்கத்தான் வந்தாரு. கதவைச் சாத்திட்டு மெதுவாக் கேட்டாரு. கூழைக் கெட்டியா விட்டா சாறு சீக்கிரம் வருமாக்கா, மாமாகிட்ட கேட்டா இதுகூடத் தெரியாதாம்பாருன்னு. வாயால எதுக்கு, செஞ்சே காட்டறேன்னேன். நல்லாத் தண்ணியான கூழு ஒண்ணு. அதைவிடக் கொஞ்சம் கெட்டியா ஒண்ணு. அப்புறம் இன்னும் கொஞ்சம். வேகம் ஏறிக்கிட்டே போச்சு. கிராஃப் வரைஞ்சும் காட்டினேன், ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேர்கோடு. ஒரு புள்ளிகூடப் பொய்யில்லடி, என் வேலைல நான் பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு மொகமெல்லாம் பூரிச்சுப் போச்சு. நீங்க சொன்னா கண்ண மூடிட்டு செய்வேன்க்கான்னாரு. அப்ப இப்படியே ஏத்திக்கிட்டே போகலாமான்னு கேட்டாரு.

எல்லாத்தையும்விடக் கெட்டியா நாலாவது ஒண்ணு கலக்கி வச்சிருந்தேன். அங்கதான் வேகம் ஏறாம கோடு வளையும். அதை எடுத்து வாஷ்பேசின்ல ஊத்தி, குழாயைத் திறந்து கழுவி விட்டுட்டு, போகலாம் மாப்பிள்ளைன்னேன்.